பழசு ஆனால் ருசி கூடுமா? சீனத்துக் கட்டித் தேயிலையும் நம்ம ஊவாச் சாயமும்



"தேயிலை பழசு ஆக ஆகத்தான் ருசி. சீனாக்காரன் முப்பது வருசம் வச்சிருந்து குடிக்கிறான்" என்று ஒரு பேச்சு இப்போது மடுல்சீமைப் பக்கத்து லயங்களிலே அடிபடுகிறது. கொழும்புக்கு வேலைக்குப் போய் வந்த பிள்ளைகளும் கைத்தொலைபேசியிலே படம் பார்த்தவர்களும் கொண்டு வந்த பேச்சு இது. கறுப்பு நிறத்திலே, வட்டமாக, வரட்டி தட்டினது போல இருக்கிற அந்தத் தேயிலைக் கட்டியைச் சிலர் கண்ணாலும் பார்த்திருக்கிறார்கள்.

இதைப் பற்றி நம்ம ஆட்கள் கேட்கிற கேள்வி மூன்று. அது உண்மையா? மாசா மாசம் நமக்குக் கிடைக்கிற தூளையும் அப்படிச் சேர்த்து வைக்கலாமா? அதை வாங்கிக் குடித்தால் சீனி வருத்தம், பிரசர் எல்லாம் போகுமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அது என்ன தேயிலை?

தேயிலைக்குத் தாய்நாடு சீனா. "தே" என்ற சொல்லே சீனத்துக் கடற்கரைப் பக்கத்துப் பேச்சிலிருந்து வந்ததுதான். இலங்கைக்கும் 1824ஆம் ஆண்டு சீனாவிலிருந்து தேயிலைக் கன்று கொண்டு வந்து பேராதனைப் பூந்தோட்டத்திலே நட்டார்கள். வியாபாரத்துக்காக ஜேம்ஸ் டெய்லர் துரை லூல்கந்துர தோட்டத்திலே 19 ஏக்கரில் தேயிலை போட்டது 1867இல். ஆனால் இங்கே வந்து சேராத ஒரு வகை சீனாவிலே இன்றைக்கும் இருக்கிறது. அதன் பெயர் பூஏர் தேயிலை. யுன்னான் என்ற மலை மாகாணத்திலே, பெரிய இலைத் தேயிலை மரங்களிலிருந்து அதைச் செய்கிறார்கள்.

கொழுந்தை எடுத்துச் சட்டியிலே இலேசாக வறுத்து, கையால் உருட்டி, வெயிலிலே காய வைக்கிறார்கள். பிறகு ஆவியிலே மெதுவாக்கி, துணியிலே கட்டி, அமுக்கிக் கட்டியாக்குகிறார்கள். ஒரு கட்டி வழக்கமாக 357 கிராம். ஏழு கட்டியை ஒன்றாகச் சேர்த்துக் கட்டுவது அவர்களுடைய பழைய முறை. முன்னே குதிரையிலும் கோவேறு கழுதையிலும் ஏற்றித் திபெத்து வரை மலைப் பாதையிலே கொண்டு போவார்கள். தூரப் பயணத்துக்குக் கட்டிதான் வசதி.

இப்படிச் செய்த கட்டியைக் காற்றோட்டமான இடத்திலே வருசக்கணக்கில் வைக்கிறார்கள். அதிலே மிஞ்சியிருக்கிற ஈரத்திலே கண்ணுக்குத் தெரியாத பங்கசும் பற்றீரியாவும் மெல்ல மெல்ல வேலை செய்கின்றன. முதலிலே கைப்பாகவும் துவர்ப்பாகவும் இருந்தது, பத்து இருபது வருசத்திலே மென்மையாகிறது. சாயமும் வெளிறின மஞ்சளிலிருந்து சிவந்த மண்ணிறத்துக்கு மாறுகிறது. இதுதான் 'பச்சைப் பூஏர்'.

அவ்வளவு காலம் பொறுக்க முடியாதவர்களுக்காக 1970களின் தொடக்கத்திலே குன்மிங், மெங்ஹாய் தொழிற்சாலைக்காரர்கள் ஒரு குறுக்கு வழி கண்டார்கள். காய்ந்த இலையைக் குவித்துத் தண்ணீர் தெளித்து, துணியால் மூடி வைப்பார்கள். குவியலின் உள்ளே சூடு ஏறும். நாம் மரக்கறித் தோட்டத்துக்குக் கூட்டெரு போடும்போது உள்ளே கை வைத்தால் சுடுமே, அதே மாதிரி. அப்பப்போ புரட்டி விடுவார்கள். சுமார் 45 முதல் 60 நாளிலே இலை கறுத்து, கைப்புப் போய்விடும். இது 'பழுத்த பூஏர்'.

ஆகவே முதல் கேள்விக்குப் பதில், உண்மைதான். அந்தத் தேயிலை பழசு ஆனால் ருசி மாறும். நல்லபடி வைத்திருந்தால் கூடும்.

நம்ம தூள் ஏன் அப்படி ஆகாது?

ஸ்டோரிலே வேலை செய்கிறவர்கள் 'பெர்மென்டிங்' என்று சொல்கிறார்கள். புத்தகத்திலே நொதித்தல் என்று எழுதியிருக்கும். ஆனால் நம்ம ஸ்டோரிலே நடப்பது உண்மையான நொதித்தல் கிடையாது. வாட்டின கொழுந்தை ரோலரிலே போட்டுக் கசக்கும்போது இலையின் சாறு வெளியே வருகிறது. இலையிலே இருக்கிற நொதியம் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து அந்தச் சாற்றைச் சிவக்க வைக்கிறது. கத்தரிக்காயை வெட்டி வைத்தால் கறுக்கிறதே, அதே வேலைதான். அதிலே பங்கசுக்கோ பற்றீரியாவுக்கோ பங்கு கிடையாது. அப்ப மாவைக் கரைத்து இராத்திரி வைத்தால் காலையிலே பொங்கி நிற்கிறது, அதுதான் நொதித்தல். சீனத்துப் பூஏர் அந்த அப்ப மாவின் சொந்தக்காரன். நம்ம தேயிலை கத்தரிக்காயின் சொந்தக்காரன்.

நம்ம ஸ்டோரிலே நிறமும் மணமும் சரியான பதத்துக்கு வந்ததும் டிரையருக்குள் அனுப்பி விடுகிறார்கள். அந்தச் சூட்டிலே நொதியம் செத்துப் போகும். ஈரம் சுமார் 3 சதவீதத்துக்கு இறங்கி விடும். அதற்குப் பிறகு தூளிலே உயிருள்ள வேலை எதுவும் நடக்காது. நாளாக ஆக மணம் பறக்கும், அவ்வளவுதான்.

அதனாலே இரண்டாவது கேள்விக்குப் பதில், வைக்க வேண்டாம். தூளைச் சேர்த்து வைத்தால் காசு சேராது, ருசிதான் போகும். அதிலும் நம்ம வீடுகளிலே அடுப்புக்கு மேலே பரணிலே வைப்பது வழக்கம். தேயிலை அக்கம் பக்கத்து வாடையை எல்லாம் இழுத்துக் கொள்ளும். புகை, மண்ணெண்ணெய், சவர்க்காரம், கருவாடு எதுவானாலும் கோப்பையிலே வந்து நிற்கும். மழைக் காலத்திலே ஈரம் பிடித்துப் பூஞ்சணம் பூத்தால் அது பூஏர் ஆகி விடாது. அது கெட்டுப் போன தூள். வெயிலிலே காய வைத்துக் குடிக்காமல் வீசி விடுங்கள். நல்ல தூளை மூடி இறுக்கமான தகரப் பேணியிலே, அடுப்புக்குத் தள்ளி, இருட்டிலே வையுங்கள். பழையதை முதலிலே எடுங்கள்.

சீனாக்காரர் ஊற்றுகிற விதம், ருசி பார்க்கிற விதம்

யாராவது உங்களுக்கு அந்தக் கட்டியிலே ஒரு துண்டு கொடுத்தால் எப்படிப் போடுவது என்றும் சொல்லி விடுகிறேன். கட்டியைக் குத்தி நொறுக்கக் கூடாது. ஓரத்திலே மெல்லிய கத்தி முனையை விட்டு இலை இலையாகக் கிளப்ப வேண்டும். சுமார் 5 கிராம் எடுத்து, 100 மில்லிலீற்றர் பிடிக்கிற சின்னக் கேத்தலிலே போடுங்கள். நன்றாகக் கொதித்த தண்ணீரை ஊற்றிப் பத்து விநாடியிலே வடித்துக் கீழே கொட்டுங்கள். அது தூசி கழுவுகிற தண்ணீர். பிறகு திரும்ப ஊற்றி 10, 15 விநாடியிலே கோப்பையிலே வடித்துக் குடிக்க வேண்டும். அதே இலைக்கு எட்டுப் பத்து முறை ஊற்றலாம். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூட நேரம் விட வேண்டும். சீனியும் இல்லை, பாலும் இல்லை.

குடிக்கும்போது அவர்கள் நாலு விசயம் பார்ப்பார்கள். சாயம் தெளிவாக இருக்கிறதா, கலங்கலா? மணம் பழைய மரப்பெட்டி, மழை விழுந்த மண், பேரீச்சம்பழம் இந்த மாதிரியா, பூஞ்சண வாடையா? வாயிலே வழுவழுப்பாக இறங்குகிறதா, தொண்டையைப் பிடிக்கிறதா? கடைசியாக, விழுங்கின பிறகு இனிப்புத் திரும்பி வருகிறதா? நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தால் வருகிற இனிப்பு நமக்குத் தெரியும்தானே, அதைத்தான் அவர்களும் தேடுகிறார்கள். ஊற வைத்த இலையையும் விரலாலே தொட்டுப் பார்ப்பார்கள். மெதுவாக விரிந்தால் நல்லது. சளசளவென்று கரைந்தால் சரியில்லை.

நம்ம சாயத்தை யார், எப்படி ருசி பார்க்கிறார்கள்?

நாம் எடுக்கிற கொழுந்துக்கும் இப்படி ஒரு பரீட்சை இருக்கிறது. கொழும்புத் தேயிலை ஏலம் 1883ஆம் ஆண்டு தொடங்கியது. 2020இலிருந்து அது கணினி வழியாக நடக்கிறது. ஆனால் ருசி பார்க்கிற வேலையைக் கணினி செய்யவில்லை, இன்னமும் மனிதன் நாக்குத்தான் செய்கிறது. ஸ்டோரிலிருந்து போகிற ஒவ்வொரு லொட்டுக்கும் சாம்பிள் போகும். உலகத் தேயிலைக்காரர்கள் 1980இல் எழுதி வைத்த அளவு 100 மில்லிலீற்றர் தண்ணீருக்கு 2 கிராம் தூள், ஆறு நிமிசம் ஊறல். மூடி போட்ட வெள்ளைக் கோப்பையிலே ஊற வைத்து, சாயத்தை வேறு கிண்ணத்திலே வடித்து, ஊறின சண்டியை மூடியின் மேலே கவிழ்த்து வைப்பார்கள். ருசி பார்க்கிறவர் முதலிலே சண்டியைப் பார்ப்பார். புதுச் செப்புக்காசு மாதிரி மின்ன வேண்டும். பிறகு கரண்டியிலே எடுத்துச் சத்தமாக உறிஞ்சி, வாய் முழுக்கச் சுழற்றி, படிக்கத்திலே துப்புவார். சில விநாடியிலே தீர்ப்பு முடிந்து விடும்.

ஊவாவிலே ஜூலை முதல் செப்டம்பர் வரை வறண்ட காற்று அடிக்கிற காலத்திலே கொழுந்து மெதுவாக வளரும். அப்போது இலையிலே மீதைல் சலிசிலேற்று என்ற மணப்பொருள் கூடும். சுளுக்குக்குப் பூசுகிற தைலத்திலே வருகிற குளிர்ந்த மணம் அதுதான். அந்த மணத்துக்காகவே ஊவாத் தேயிலையைத் தார்ஜிலிங்கோடும் சீனத்துக் கீமுன்னோடும் சேர்த்துச் சொல்கிறார்கள். பசறையிலே தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஊவா நிலையம் இருப்பதும் இந்தப் பகுதித் தேயிலையைத் தனியாகக் கவனிக்கத்தான்.

இந்த மணத்தை ஸ்டோர் புதிதாகச் செய்ய முடியாது. மலையிலிருந்து வருவதைக் கெடுக்காமல் காப்பாற்றத்தான் முடியும். மொட்டும் இரண்டு இலையுமாக எடுத்தால் மணம் இருக்கும். முற்றின இலை கலந்தால் சாயம் வெறும் தண்ணீர். நிறை காட்டுவதற்காகச் சாக்கிலே மிதித்து அடைத்தால் உள்ளே சூடேறி, ஸ்டோருக்குப் போக முன்னே கொழுந்து சிவந்து விடும். அந்தச் சிவப்பு அங்கே கொழும்பிலே கிண்ணத்திலே தெரியும். விலை குறையும். அதனாலே சாக்கை இறுக்கக் கூடாது, வெயிலிலே போடக் கூடாது என்று கங்காணிமார் சொல்வதிலே அர்த்தம் இருக்கிறது. அதே சமயம், சாக்கை நேரத்துக்கு ஏற்ற லொறி வர வேண்டும், நிழலுக்குக் கொழுந்து மடுவம் ஒழுங்காக இருக்க வேண்டும். அது நிர்வாகத்தின் பக்கத்துக் கடமை. இரண்டு பக்கமும் சேர்ந்தால்தான் நல்ல சாயம்.

நம்ம வீட்டுக் கோப்பை

ஊர் உலகமெல்லாம் குடித்துப் புகழ்கிற தேயிலையை எடுக்கிற கைக்காரர் தான் எடுத்ததை ஒழுங்காக ருசி பார்த்ததே இல்லை என்பது சரியா? வீட்டிலே இப்படிச் செய்து பாருங்கள். புதுத் தண்ணீரை நன்றாகக் கொதிக்க விடுங்கள். ஒரு கோப்பைக்கு மட்டமாக ஒரு தேக்கரண்டி தூள். தண்ணீரைத் தூளின் மேலே ஊற்றி மூடி, சின்னத் தூளுக்கு மூன்று நிமிசம், பெரிய தூளுக்கு ஐந்து நிமிசம் விட்டு வடியுங்கள். தூளோடு போட்டு அடுப்பிலே காய்ச்சிக் கொண்டே இருந்தால் கைப்பும் துவர்ப்பும்தான் இறங்கும், மணம் ஆவியாகி விடும். முதல் மடக்கைச் சீனியில்லாமல் குடியுங்கள். பிறகு வேண்டுமானால் நம்ம பழைய வழக்கப்படி சீனியைக் கையிலே வைத்துத் தொட்டுக் கொள்ளுங்கள். கோப்பையிலே மூன்று கரண்டி போட்டுக் கலக்குவதை விடச் செலவும் குறைவு, உடம்புக்கும் நல்லது.

மருந்து என்று சொல்லி விற்றால்

மூன்றாவது கேள்விக்கு வருவோம். பூஏர் தேயிலை சீனி வருத்தத்தையோ பிரசரையோ மாற்றுகிற மருந்து இல்லை. அதுவும் தேத்தண்ணிதான். அதை நம்பிக் கிளினிக் மாத்திரையை யாரும் நிறுத்தி விடாதீர்கள். "வாங்கி வையுங்க, பத்து வருசத்திலே பத்து மடங்கு விலை" என்று சொல்லி வந்தாலும் ஏமாறாதீர்கள். சீனாவிலேயே அப்படி நம்பிப் பலர் வாங்கிக் குவித்தார்கள். 2007ஆம் ஆண்டு விலை ஏறி உச்சிக்குப் போய், அதே ஆண்டிலே சடாரென்று விழுந்தது. வியாபாரிகளோடு சேர்ந்து கொழுந்து விற்ற மலைக் குடியானவர்களும் அடிபட்டார்கள். கடன் எடுத்து இந்த மாதிரிச் சாமான் வாங்குவது நமக்குக் கட்டாது.

கடைசியாக, எந்தத் தேயிலைக்கும் பொருந்துகிற ஒரு விசயம். தேயிலையின் துவர்ப்பு, கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்புச் சத்தை உடம்பு எடுக்க விடாமல் தடுக்கும். நம்ம தோட்டங்களிலே இரத்தக் குறைவு உள்ள தாய்மார் எத்தனை பேர் என்பது மிட்வைப் அம்மாவின் பதிவுப் புத்தகத்தைப் பார்த்தால் தெரியும். மலைக்குப் போகிற அவசரத்திலே ரொட்டியும் சாயத்தண்ணியும் ஒன்றாக வயிற்றுக்குள் போகிறது. மத்தியானச் சோற்றுக்குப் பின்னேயும் அப்படித்தான். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவிலே ஒரு மணித்தியாலமாவது இடம் விடுங்கள். கர்ப்பிணித் தாய்மார் இரும்புச் சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்கவே கூடாது. வெறும் தண்ணீரோடு, முடிந்தால் தேசிக்காய்த் தண்ணீரோடு விழுங்குங்கள். கைக்குழந்தைக்குப் போத்தலிலே சாயத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிற பழக்கமும் நம்ம பிள்ளைக் காம்பராக்களோடு ஒழிந்து போகட்டும்.

அடுத்த மாதர் சங்கக் கூட்டத்திலே டீமேக்கர் ஐயாவிடம் கேட்டு, நம்ம ஸ்டோரிலே காற்றுக் காலத்திலே செய்த தூளிலே ஒன்றும் மழைக் காலத்திலே செய்ததிலே ஒன்றும் வாங்கி, இரண்டையும் பக்கத்திலே பக்கத்திலே ஊற வைத்துக் குடித்துப் பாருங்கள். எதிலே மணம் கூட என்று நீங்களே சொல்லுங்கள். எந்த மலையிலே, எந்த மாசத்திலே எடுத்த கொழுந்து என்பது உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.