இரண்டு விநாடி அபராதம்

மோட்டார் பந்தயம் என்றதும் நேயர்களின் மனக்கண் முன் என்ன தோன்றும் என்பது நமக்குத் தெரியும். வளைய வளைய ஓடும் பாதை, காதைச் செவிடாக்கும் இரைச்சல், பணத்தை நீராக விழுங்கும் வண்டிகள், அவற்றுள் உயிரைத் துரும்பாக மதித்து உட்கார்ந்திருக்கும் வீரர்கள். "இது கோடீசுவரர் விளையாட்டு; நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நாம் இங்கே சொல்லப் புகுந்தது வேறொரு பந்தயம். வாரம் முழுவதும் ஆபீசுக்குப் போய் வந்த அதே வண்டியை ஞாயிற்றுக்கிழமையன்று பந்தயத்தில் ஓட்டி, சாயங்காலம் அதிலேயே வீடு திரும்பும் குடும்பஸ்தர்களின் பந்தயம் இது.

ஐரோப்பாவில், முக்கியமாக ஜெர்மனியில், இதை ஸ்லாலம் என்கிறார்கள். நார்வே நாட்டுச் சொல் அது. பனிச்சரிவில் கொடிக் கம்புகளுக்கிடையே வளைந்து வளைந்து சறுக்கி இறங்கும் விளையாட்டுக்கு அங்கே அந்தப் பெயர். மோட்டார்க்காரர்கள் பனிக்குப் பதிலாகத் தார்த் தரையையும், கொடிக்குப் பதிலாக, சாலை பழுது பார்க்கும் இடங்களில் நாம் காண்கிறோமே அந்தச் செம்மஞ்சள் நிறக் கூம்புகளையும் வைத்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் இதற்கு வழங்கும் பெயர் ஆட்டோகிராஸ். அங்கே 1944-ஆம் வருஷம் தோன்றிய அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் சங்கம் இதைச் 'சோலோ' என்னும் பெயரால் நடத்தி வருகிறது. 'தனி ஆள்' என்று அதற்குப் பொருள். பெயரே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. இதில் ஒரு வண்டி இன்னொரு வண்டியை முந்துவது கிடையாது, உரசுவது கிடையாது. ஒவ்வொருவரும் கடிகாரத்தோடு மட்டுமே போராடுகிறார்.

பாதையை நேற்று யாரும் கண்டதில்லை. நாளைக்கு அது இருக்கப் போவதும் இல்லை. காலியாகக் கிடக்கும் பெரிய வண்டி நிறுத்துமிடத்திலோ, பயன்படாத விமானத் தளத்திலோ, விடியற்காலையில் சிலர் வந்து கூம்புகளை வரிசை வரிசையாக வைத்துப் புதிய பாதை ஒன்றை உண்டாக்குகிறார்கள். இந்தச் சங்கத்தின் தேசியப் போட்டி 1973-இல் ஆரம்பமாயிற்று. 2009-ஆம் வருஷத்திலிருந்து நெப்ராஸ்கா மாகாணத்து லிங்கன் நகரில், பழைய ராணுவ விமானத் தளம் ஒன்றின் பரந்த கான்கிரீட் வெளியில் அது நடைபெறுகிறது. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கலந்துகொள்கிறார்கள். நம் சென்னைக்கு அருகே சோழவரத்தில், யுத்த காலத்து விமானத் தளத்தில் பல வருஷங்கள் மோட்டார்ப் பந்தயம் நடந்ததை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு வியப்பளிக்காது. விமானம் இறங்கிய இடத்துக்கு மோட்டார் வண்டி வாரிசாக வருவது உலகெங்கும் நடக்கும் காரியம்தான்.

ஓடுவதற்கு முன்னால் பாதையைப் பார்க்க ஒரே வழிதான் உண்டு. நடந்து பார்க்க வேண்டும். ஆகவே காலை வேளையில் அந்த மைதானத்துக்குப் போகிறவர்கள் ஒரு விநோதக் காட்சியைக் காண்பார்கள். கனவான்களும் சீமாட்டிகளும் தங்களுக்குள் முணுமுணுத்துக்கொண்டு, கைகளால் இல்லாத ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டு, கூம்புகளைச் சுற்றிப் பிரதட்சிணம் செய்வார்கள். மூன்று முறை, நான்கு முறை சுற்றினாலும் போதாது. நடக்கும்போது அகலமாகத் தோன்றும் வழி, வண்டியில் வரும்போது ஊசித் துவாரம்போல் ஆகிவிடும் என்பது அநுபவசாலிகளின் வாக்கு.

வேகம் அப்படியொன்றும் பயங்கரமானதல்ல. நேரான பகுதியிலே மணிக்கு 60 மைலைச் சற்றுத் தாண்டினால் அதிகம்; அதற்கு மேல் போக முடியாதபடி பாதையை அமைப்பது விதி. கூம்பு வாசல் குறைந்தது 15 அடி அகலம் இருக்க வேண்டும். வரிசையாக வைத்த கூம்புகளுக்கு இடையே குறைந்தது 45 அடி இருக்க வேண்டும். விளக்குக் கம்பம், சுவர் முதலிய கெட்டியான பொருள்கள் அருகே பாதை போகக் கூடாது. தலைக்கவசம் இல்லாமல் ஒருவரும் ஓட்ட முடியாது. காலையில் ஒவ்வொரு வண்டியையும் பரிசோதிக்கிறார்கள். பாட்டரி அசையாமல் இருக்கிறதா, சக்கரத்து நட்டுகள் இறுகியிருக்கின்றனவா, பிரேக் பிடிக்கிறதா, வண்டிக்குள் உருளக்கூடிய சாமான் ஏதாவது கிடக்கிறதா என்று பார்க்கிறார்கள். குழந்தையின் பந்து, குடை, தண்ணீர்ப் புட்டி எல்லாம் மைதானத்து ஓரத்தில் குவிந்துவிடும். நெட்டையாயும் ஒடுக்கமாயும் இருக்கும் வண்டிகளுக்கு இடமே இல்லை. திடீரென்று திருப்பினால் அவை கவிழ்ந்துவிடக்கூடும்.

ஓட்டம் ஒரு நிமிஷத்துக்கு முன்பின்னாக முடிந்துபோகும். நேரத்தை விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குவரை கணக்கிடுகிறார்கள். கிடைத்த சில ஓட்டங்களில் எது மிகக் குறைந்த நேரமோ அதுதான் கணக்கு. தேசியப் போட்டியில் மட்டும் இரண்டு நாள், இரண்டு பாதை, ஒவ்வொன்றிலும் மூன்று ஓட்டம். இரண்டு பாதைகளிலும் கிடைத்த சிறந்த நேரங்களைக் கூட்டிப் பார்க்கிறார்கள். மொத்தம் ஆறு நிமிஷ ஓட்டத்துக்காகச் சிலர் ஆயிரம் மைல் வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறார்கள்! இதைப் பைத்தியம் என்று சொல்வது சுலபம். திருவிழாவில் ஒரு வாணத்தைப் பார்ப்பதற்காக இரவெல்லாம் கண்விழித்திருக்கும் நாம் அவ்வளவு அவசரமாகத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

கூம்பைத் தட்டினால் இரண்டு விநாடி அபராதம். விநாடியில் நூறில் ஒரு பங்கால் வெற்றி தோல்வி நிர்ணயமாகும் இடத்தில் இரண்டு விநாடி என்பது ஒரு யுகம். இதைத் தீர்மானிக்கும் முறை அழகானது. ஒவ்வொரு கூம்பின் அடிப்பாகத்தைச் சுற்றியும் தரையில் கோடு கிழித்திருப்பார்கள். கூம்பு சாய்ந்துவிட்டால் அபராதம். நின்றபடியே கட்டத்துக்கு முழுவதும் வெளியே நகர்ந்துவிட்டாலும் அபராதம். கூம்பு ஆடிற்று, நகர்ந்தது, ஆனால் நிமிர்ந்து நிற்கிறது, அடியில் ஒரு சிறு மூலையாவது கோட்டைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்றால் அபராதம் இல்லை. வாசலையே தவறவிட்டு வேறு வழியாகப் போனவருக்கு அந்த ஓட்டம் இல்லவே இல்லை.

தமக்கு முன்னால் ஓடியவர் தட்டிய கூம்பு வழியிலே விழுந்து கிடந்தால் என்ன செய்வது? உடனே வண்டியை நிறுத்தி, கூம்பைச் சுட்டிக் காட்ட வேண்டும். மறு ஓட்டம் கிடைக்கும். நேரம் நன்றாக வருகிறதே என்ற ஆசையில் நிறுத்தாமல் போய்விட்டு, பிறகு வந்து முறையிட்டால் பலிக்காது.

இந்தக் கோட்டையும் கூம்பையும் காவல் காப்பவர்கள் யார்? இங்கேதான் இந்த விளையாட்டின் உயிர்நிலை இருக்கிறது. கூலிக்கு ஆள் வைப்பதில்லை. ஓட்டுகிறவர்களே முறை வைத்துக்கொண்டு வெயிலில் நின்று கூம்பு எடுத்து வைக்கிறார்கள். காலையில் ஓட்டியவர் மத்தியானம் காவல். காலையில் காவல் நின்றவர் மத்தியானம் ஓட்டுகிறார். வேலைக்கு வராமல் நழுவினால் ஓட்டிய நேரமும் போய்விடும். டாக்டரும், தச்சு வேலைக்காரரும், கல்லூரி மாணவனும் ஒருவருக்கொருவர் கூம்பு தூக்குகிறார்கள். யார் பெரிய மனிதர் என்று அங்கே கேட்பாரில்லை.

ஆனால் நேயர்கள் ஒரு கேள்வி கேட்கலாம். "மனிதர்கள் சமம், சரி. வண்டிகள் சமமா? ஒருவர் கார்வெட் கொண்டுவருகிறார். இன்னொருவர் இருபது வருஷத்து ஹோண்டா சிவிக் கொண்டுவருகிறார். இருவரும் ஒரே பந்தயத்தில் ஓடுவது என்ன நியாயம்?" நியாயமான கேள்வி. இதற்கு விடை காண்பதிலேயே விதிப் புத்தகத்தின் பெரும்பகுதி செலவாகியிருக்கிறது.

முதலில், வண்டியை எவ்வளவு மாற்றியிருக்கிறார்கள் என்று பார்த்துப் பிரிவுகளை வகுக்கிறார்கள். கடையிலிருந்து வந்தபடியே ஏறக்குறைய இருப்பது 'ஸ்ட்ரீட்'. அதற்கு மேல் 'ஸ்ட்ரீட் டூரிங்', 'ஸ்ட்ரீட் பிரிப்பேர்டு', 'ஸ்ட்ரீட் மாடிஃபைடு', 'பிரிப்பேர்டு' என்று படிப்படியாக ஏறி, சாலையில் ஓடவே தகுதியில்லாத பந்தய யந்திரங்கள் கொண்ட 'மாடிஃபைடு' வரையில் போகிறது. பிறகு ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் வண்டியின் இயற்கையான சாமர்த்தியத்தைப் பார்த்து வகுப்புகள். ஸ்ட்ரீட் பிரிவில் உச்சியிலே கார்வெட், போர்ஷே போன்றவை தமக்குள் மோதிக்கொள்ளும். மஸ்டாங் முதலிய பெரிய என்ஜின் வண்டிகளுக்குத் தனி இடம். அடி வகுப்பிலே சாதாரணக் குடும்ப வண்டிகள் ஒன்றையொன்று எதிர்க்கும். மாஸ்டா மியாட்டா என்னும் சிறு வண்டி, பல வகுப்புகளிலே வேறு வேறு வேஷத்தில் தோன்றும் நடிகனைப்போல் எங்கும் தென்படும். விலை அதிகமில்லை, எடை குறைவு, சொன்னபடி திரும்பும். வேறென்ன வேண்டும்?

ஸ்ட்ரீட் பிரிவில் ஷாக் அப்சார்பரை மாற்றலாம். ஸ்பிரிங்கை மாற்றக் கூடாது. வளைவிலே வண்டி சாய்வதைக் குறைக்கும் குறுக்குக் கம்பியை முன்பக்கம் அல்லது பின்பக்கம், ஏதேனும் ஒன்றில் மாற்றலாம், இரண்டிலும் கூடாது. பிரேக் பேடை மாற்றலாம். சக்கரத்தின் அகலத்தை மாற்றக் கூடாது. இப்படியே போகிறது பட்டியல். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு மூல சூத்திரம்: செய்யலாம் என்று புத்தகம் சொல்லாத எதையும் செய்யக் கூடாது. "கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது?" என்ற வக்கீல் வாதம் இங்கே எடுபடாது.

இவ்வளவு காவலையும் மீறிப் பணம் எந்தச் சந்தில் நுழைந்தது தெரியுமா? டயரில்! பல வருஷங்கள் இந்தப் பிரிவுக்கு 'ஸ்டாக்' என்று பெயர் இருந்தது. வண்டியை மாற்றக் கூடாது என்று கண்டிப்புச் செய்தவர்கள், சாலையில் ஓட்டலாம் என்ற பெயரளவு முத்திரை பெற்ற பந்தய டயர்களை அநுமதித்திருந்தார்கள். அவை பசைபோல் தரையைப் பற்றும். சில பத்து ஓட்டங்களில் தேய்ந்து தீரும். புதிய டயர் வாங்க வசதியுள்ளவர் முன்னால் போனார், மற்றவர்கள் பின்தங்கினார்கள். ஓட்டுகிறவரின் கைத்திறனை அளக்க வந்த பந்தயம் பணப்பையை அளக்கத் தொடங்கிவிட்டது. 2014-இல் பிரிவின் பெயரையே ஸ்ட்ரீட் என்று மாற்றி, அந்த டயர்களை விலக்கினார்கள். எத்தனையோ பேர் கோபித்துக்கொண்டார்கள். இருந்தும் அது சரியான காரியம் என்பதே நம் அபிப்பிராயம்.

வியாதி அதோடு தீர்ந்ததா என்றால், இல்லை. அமெரிக்காவில் விற்கும் டயர்களில் தேய்மானத்தைக் குறிக்கும் எண் ஒன்று அச்சிட்டிருக்கும். எண் அதிகமானால் உழைப்பு அதிகம் என்று அர்த்தம். அந்த எண் 200-க்குக் குறையக் கூடாது என்று விதி ஏற்பட்டது. ஆனால் அந்த எண்ணைச் சோதித்துப் பொறிப்பவர்கள் டயர் உற்பத்தியாளர்களே! ஆகவே 200 என்ற எண்ணைத் தாங்கிக்கொண்டே பழைய பந்தய டயரை நெருங்கும் சரக்குகள் சந்தைக்கு வந்துவிட்டன. சங்கத்தார் கோட்டைச் சுவரை உயர்த்துகிறார்கள். வியாபாரிகள் ஏணியை உயர்த்துகிறார்கள். ஆயினும் பழைய நாளைவிட இப்போது ஒரு ஜதை டயர் நீடித்து உழைக்கிறது என்பதை மறுக்க முடியாது.

வகுப்புக்கு ஓரிருவர்தான் வரும் சின்ன ஊர்ப் போட்டிகளில் இன்னொரு உபாயம் கையாளுகிறார்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் ஓர் எண் உண்டு. மிக வேகமான வகுப்புக்கு 1. மற்றவற்றுக்கு அதைவிடக் குறைவு. ஓடிய நேரத்தை அந்த எண்ணால் பெருக்கி ஒப்பிடுகிறார்கள். உதாரணமாக, ஒருவர் 50 விநாடியில் ஓடுகிறார். அவருடைய எண் 0.85 என்றால் கணக்கு 42.5. குட்டி வண்டிக்காரர் 53 விநாடி எடுத்துக்கொள்கிறார், எண் 0.79 என்றால் கணக்கு 41.87. மூன்று விநாடி பிந்தி வந்தவர் ஜயித்துவிட்டார்! இது பூரண நியாயம் என்று நாம் சொல்ல மாட்டோம். நீண்ட நேர்ப்பாதை இருந்தால் பெரிய என்ஜினுக்கு லாபம். மழை பெய்தால் கணக்கே தலைகீழாகும். ஒரு மாலைப் பொழுதின் வம்புப் பேச்சுக்கு இவ்வளவு நியாயம் போதும்.

ஒரு வகுப்பில் ஒரே ஜாதி வண்டி தொடர்ந்து ஜயிக்கத் தொடங்கினால் எல்லாரும் அதையே வாங்க ஓடுகிறார்கள். அப்போது அங்கத்தினர்கள் சங்கத்துக்குக் கடிதம் எழுதுகிறார்கள். கமிட்டி ஆலோசித்து அந்த வண்டியை மேல் வகுப்புக்குத் தள்ளுகிறது. ஆசையோடு வாங்கியவருக்கு அன்று துக்க தினம். எதிரியின் வண்டியில் விதிக்குப் புறம்பான காரியம் இருப்பதாக ஒருவர் சந்தேகித்தால், புறங்கூறக் கூடாது. எழுத்து மூலம் புகார் செய்து, வண்டியைப் பிரித்துப் பார்க்கும் செலவுக்கு ஈடாகப் பணமும் கட்ட வேண்டும். குற்றம் ருசுவாகாவிட்டால் திரும்பப் பூட்டும் செலவு புகார்க்காரர் தலையில்! வாய்ச் சவடால்காரர்களை அடக்க இதைவிட நல்ல மருந்து நாம் கண்டதில்லை.

ஸ்திரீகளுக்குத் தனி வகுப்புகள் உண்டு. விரும்பினால் பொது வகுப்பிலும் ஓடலாம். சிறுவர் சிறுமியர் சின்னஞ்சிறு கார்ட் வண்டிகளில் தங்கள் வயதினரோடு போட்டியிடுகிறார்கள். ஒரே வண்டியை இருவர் பகிர்ந்துகொண்டு ஓட்டவும் அநுமதி இருப்பதால், கணவனும் மனைவியும் ஒன்றை வைத்துக்கொண்டு முறை போட்டு ஓட்டுவது சர்வ சாதாரணம். ஒருவர் ஓட்டி முடித்ததும் மற்றவர், பூச்செடிக்குத் தெளிக்கும் பம்பினால் சூடேறிய டயர்மீது தண்ணீர் தெளிக்கிறார்; ஆசனத்தை முன்னுக்கோ பின்னுக்கோ நகர்த்திக்கொள்கிறார்; புறப்பட்டுவிடுகிறார். இருவரும் பொது வகுப்பில் சேர்ந்திருந்தால் வண்டி ஒன்று, டயர் ஒன்று, பாதை ஒன்று. சாக்குச் சொல்ல எதுவும் மிச்சமில்லை. யார் கெட்டிக்காரர் என்பதைக் கடிகாரம் மூன்று தசம ஸ்தானம்வரை சொல்லிவிடும். அன்று மாலை வீட்டுக்கு வண்டியை யார் ஓட்டிக்கொண்டு போவது என்பதற்கு மட்டும் விதிப் புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை.