பாம்பனில் இறங்குவோம்

நாம் வாழும் ஐதராபாத்துக்கு முத்து நகரம் என்றொரு பெயருண்டு. பத்தர்கட்டிக் கடைகளில் சரம் சரமாய்த் தொங்கும் முத்துக்களை ஒருமுறையேனும் நின்று பாராதார் நம்மில் இலர். ஆயினும் இந்நகருக்குக் கடல் இல்லை. ஹுசேன் சாகர்க் கரையில் நின்றுகொண்டு, "கடல் என்பது இதைவிடப் பெரிதா?" என்று கேட்கும் பிள்ளைகள் நம் இல்லங்களில் வளர்ந்து வருகிறார்கள். தமிழகத்தில் முத்து நகரம் என்று பெயர் பெற்றது தூத்துக்குடி. சென்னையிலிருந்து அவ்வூருக்குச் செல்லும் இரவு வண்டியின் பெயரே முத்துநகர் விரைவு வண்டி என்பதாகும். கொற்கைத் துறையின் காலந்தொட்டுப் புகழ் பெற்றிருந்த அக்கடலின் முத்துக் குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்று போயிற்று. ஆனால் மூச்சடக்கி நீரில் மூழ்கிப் பிழைக்கும் தொழில் நின்றுவிடவில்லை. இன்றும் அங்கே மூழ்குகிறார்கள். அவர்களுள் பெண்களும் பலர் உளர் என்பதை நம்மவர் பலர் அறியார்.

ஆண்டுதோறும் நம் குடும்பங்களிற் பல இராமேசுவர யாத்திரை செய்கின்றன. அக்கினி தீர்த்தத்தில் நீராடி, கோயிலினுள் 22 தீர்த்தங்களிலும் முழுகி, இராமநாதரைத் தரிசித்துவிட்டு மறுவண்டியில் திரும்பிவிடுகிறோம். தரிசனம் நன்று. எனினும் இராமேசுவரத்திற்குச் சற்று முன்னே பாம்பன் என்று ஒரு நிலையம் இருக்கிறது. அங்கே ஒரு நாள் தங்கினால், புத்தகத்தில் படித்தறிய முடியாத ஒரு கல்வி நம் பிள்ளைகளுக்குக் கிட்டும். சென்ற தை மாதத்தில் குடும்பத்தோடு அங்குச் சென்று வந்தோம். அதுபற்றிச் சில செய்திகளை அன்பர்களுக்குச் சொல்ல விழைகிறோம்.

ஐதராபாத்திலிருந்து சார்மினார் விரைவு வண்டி தாம்பரம் வரை செல்கிறது. தாம்பரத்திலிருந்து இராமேசுவரத்திற்கு 2025 ஏப்ரல் 6 அன்று ஒரு புதிய விரைவு வண்டி தொடங்கப் பெற்றது. பாம்பனின் புதிய தூக்குப் பாலம் திறக்கப்பெற்றதும் அன்றே. 1914-இல் திறக்கப்பெற்ற பழைய பாலம் நூறாண்டுக்கு மேல் உழைத்தது. 2022 டிசம்பரோடு அதன்மீது வண்டிகள் ஓடுவது நின்றது. பழைய பாலத்தின் நடுப்பகுதி இரு கதவுகளாகப் பிரிந்து கப்பலுக்கு வழிவிடும். புதிய பாலத்தின் நடுப்பகுதியோ அப்படியே செங்குத்தாக மேலெழும்புகிறது. 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி செல்லும் வண்டியும் அதிலிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரும் கடலுக்கு இரையாயினர். சேதமுற்ற பாலம் இரண்டு மாதங்களுக்குள் செப்பனிடப் பெற்றது; தனுஷ்கோடிக்குச் சென்ற தண்டவாளமோ மீண்டும் போடப்படவேயில்லை. இரயில்வே குடும்பத்தார் அப்பாலத்தைக் கடக்கும்போது ஒரு கணம் அவர்களை நினைப்பது கடமை.

எல்லா விரைவு வண்டிகளும் பாம்பனில் நிற்பதில்லை. ஆதலின் சீட்டு வாங்கும்போதே விசாரித்துக் கொள்ளுதல் நலம். நில்லாத வண்டியாயின் இராமேசுவரத்தில் இறங்கிப் பேருந்தில் திரும்பலாம். தூரம் 12 கிலோமீட்டருக்கு மேலிராது.

பாம்பனுக்கு இரு கடல்கள். வடக்கே இருப்பது பாக் நீரிணை. தெற்கே இருப்பது மன்னார் வளைகுடா. அமைதியான வடகடலைப் பெண் கடல் என்றும், அலை மிக்க தென்கடலை ஆண் கடல் என்றும் அப்பக்கத்து மக்கள் வழங்குகிறார்கள். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் சீறும். ஐப்பசி, கார்த்திகையில் வடகடல் கொந்தளிக்கும். தை முதல் பங்குனி வரை நம்மைப் போன்ற புதியவர்கள் செல்லத் தக்க காலமாகும்.

தென்கரையில் குந்துகால் என்னும் துறை உள்ளது. மேனாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்த சுவாமிகள் 1897 ஜனவரி 26-இல் கரையிறங்கிய இடம் அதுவே. அங்கே ஒரு நினைவு மண்டபமும் இருக்கிறது. அதையடுத்துச் சின்னப்பாலம் என்னும் மீனவர் சிற்றூர். எதிரே கடலில் தெரியும் பசுமை குருசடைத் தீவு. பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை கரையோரமாக இத்தகைய 21 தீவுகள் வரிசையாக அமைந்துள்ளன. மனோலி, முயல் தீவு, நல்லதண்ணி, உப்புத்தண்ணி, காசுவார், வான் என்று அவற்றின் பெயர்களே கேட்க இனியவை. இவையும் சூழ்ந்த கடலுமாக 560 சதுர கிலோமீட்டர் 1986-இல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. விலங்கியல் கற்கும் கல்லூரி மாணவர்கள் நெடுங்காலமாகக் குருசடையை நாடி வந்திருக்கிறார்கள். முதுகெலும்பற்ற உயிர்களுக்கும் முதுகெலும்புள்ளவற்றுக்கும் இடைப்பட்டதாகப் பாடநூல்கள் கூறும் பாலனோகிளாசஸ் என்னும் புழு அம்மணலில் வாழ்கிறது.

வனத்துறையார் படகில் அழைத்துச் செல்லும்போது, நீர் தெளிந்திருந்தால் பவளத் திட்டுகள் கண்ணுக்குப் புலனாகும். பவளம் கல்லன்று, நுண்ணிய உயிர்கள் கூடிக் கட்டிய வீடு. அவ்வுயிர்களின் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசி வெயிலைக் கொண்டு உணவாக்கித் தருகிறது. கடல் மிகச் சூடேறினால் அப்பாசி வெளியேறிவிடும். பவளம் வெளுத்துப் பட்டினி கிடந்து மடியும். 2010-இலும் 2016-இலும் இவ்வளைகுடாவில் அவ்வாறு நிகழ்ந்தது. அதற்கும் முன்னரே மனிதர் கைவரிசை தொடங்கிவிட்டது. முருகைக் கற்களைப் பெயர்த்துச் சுண்ணாம்புக் காளவாய்க்கும் வீடு கட்டவும் படகு படகாகக் கொண்டு சென்றார்கள். அலையைத் தடுத்து நின்ற அரண் போகவே, பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரு தீவுகள் நீரில் ஆழ்ந்தன. 2001-இல்தான் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றன.

குருசடையின் கரையில் எங்கள் சிறுமி, கிளை கிளையாய் இருந்த ஒரு வெள்ளைத் துண்டைப் பொறுக்கிக் கையில் வைத்துக் கொண்டாள். படகோட்டிய பெரியவர் சிரித்தபடியே, "பாப்பா, அது இங்கேயே கிடக்கட்டும். இந்தத் தீவே அதால்தான் நிக்குது" என்றார். அவள் மறுபேச்சின்றிக் கீழே வைத்துவிட்டாள். வீட்டில் நாம் ஆயிரம் முறை சொல்லும் புத்தி, உரியவர் சொல்லும்போது ஒரே முறையில் பதிகிறது!

இனி, மூழ்கும் பெண்களைப் பற்றிக் கூறுவோம். நம் நகரில் ரமலான் மாதத்தில் சைனா கிராஸ் என்று வாங்கி இனிப்புச் செய்கிறோமே, அது கடற்பாசியிலிருந்து எடுக்கப்படுவது. சின்னப்பாலம் முதலிய ஊர்களின் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அப்பாசியைப் பறித்து வருகிறார்கள். மரிக்கொழுந்து என்பது அவர்கள் ஒரு பாசிக்கு இட்ட பெயர். கட்டைக்கோரை என்பது மற்றொன்று. விடியுமுன் கூட்டாகப் படகேறுவார்கள். சேலைக்கு மேல் சட்டை அணிந்து, பாறையும் பவளமும் கிழிக்காதிருக்க விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, சாக்கைக் கட்டிக்கொண்டு மூழ்குவார்கள். மூச்சுக் கருவி ஏதும் கிடையாது. உள்ளிழுத்த மூச்சு எவ்வளவோ, அவ்வளவே அவர்கள் வேலை நேரம்.

பூங்கா அமைந்தபோது, தீவுகளில் இறங்குவதும் சுற்றியுள்ள நீரில் பாசி பறிப்பதும் சட்டத்திற்கு மாறாயின. பாட்டி செய்த தொழிலைப் பேத்தி செய்தால் குற்றம் என்றாயிற்று. பவளத்தைக் காக்க வேண்டும் என்பதை மறுப்பார் இலர். ஆனால் அக்காவலின் பாரம், கடலைச் சூடாக்கியவர் மீதன்றி, சாக்கு மூட்டையோடு மூழ்கியவள் மீதே முதலில் விழுந்தது என்பதை மனச்சான்றுள்ளோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அப்பெண்கள் வாளாவிருக்கவில்லை. ஒன்று கூடிப் பேசித் தமக்குத் தாமே கட்டுப்பாடு விதித்துக் கொண்டார்கள். மாதத்தில் 12 நாட்கள் மட்டும் கடலுக்குச் செல்வது, இரும்புச் சுரண்டிகளை விலக்கிக் கையால் மட்டும் பறிப்பது, மீன்கள் இனம் பெருக்கும் பருவத்தில் 45 நாட்கள் கைவிட்டிருப்பது என்பன அவை. இம்முயற்சிக்குத் தலைநின்ற சின்னப்பாலத்து இலட்சுமி அம்மையாருக்கு, உலகத் தீவுகளின் நலம் பேணும் சீகாலஜி என்னும் அமைப்பு 2015-இல் அமெரிக்காவில் பரிசளித்துப் பாராட்டிற்று. இதற்கு மாறான நிகழ்ச்சி ஒன்றையும் சொல்ல வேண்டும். வாணிபத்திற்காக அந்நிய நாட்டுக் கப்பாஃபைகஸ் என்னும் பாசி இக்கடற் பகுதியில் கொண்டுவந்து வளர்க்கப்பட்டது. அது குருசடை அருகே பவளத்தின் மீது படர்ந்து மூடியதை 2008-இல் ஆராய்ச்சியாளர் எடுத்துரைத்தனர். அங்குப் பிறந்தவளின் கைக்கும், கடல் கடந்து வந்த பயிருக்கும் உள்ள வேற்றுமை இதனால் விளங்கும்.

அலை மீது ஏறிச் சறுக்கும் விளையாட்டைக் காண ஆவலுள்ள இளைஞர்கள், தாம்பரத்தில் இறங்கியவுடனேயே ஒரு நாளைக் கோவளத்திற்கு ஒதுக்கலாம். சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள மீனவர் ஊர் அது. மூர்த்தி மேகவன் என்ற மீனவர் தாமே பழகி, பின்னர்ப் பள்ளி வைத்துத் தம்மூர்ப் பிள்ளைகளுக்கும் பயிற்றுவித்தார். 2013-இல் அங்கு அலைச்சறுக்கு விழா தொடங்கியது. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே அருகிலுள்ள மாமல்லபுரத்தில் நடைபெற்றது. கட்டுமரம் என்ற நம் சொல்லை ஆங்கிலத்திற்கு ஈந்த கரை இது. அலையை அறிந்த மீனவப் பிள்ளைகள், அவ்வறிவு கொண்டே ஊரைவிட்டு அகலாமல் ஆசிரியர்களாக விளங்குவது நமக்குப் பெருமை தருகிறது. பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நம் போன்றோருக்கு அதன் அருமை நன்கு தெரியும்.

செல்லும் அன்பர்களுக்குச் சில சொற்கள். வனத்துறையார் அனுமதிக்கும் படகில், அனுமதிக்கும் இடத்திற்கு மட்டும் செல்லுங்கள்; மற்றத் தீவுகளில் இறங்குதல் கூடாது. காற்று மாறினால் படகு விடமாட்டார்கள். ஆதலின் ஒரு நாளைக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். பவளம், கடல் அட்டை, உயிருள்ள சிப்பி எதையும் தொடாதீர்கள். கடைத்தெருவில் விற்கும் சங்கு வகைகளிலும் சட்டம் தடுத்தவை கலந்திருக்கக் கூடும், கேட்டு வாங்குங்கள். உண்பதும் தங்குவதும் இயன்றவரை உள்ளூராரிடமே ஆகுக. நாம் செலவிடும் பணம் அவ்வூர் அடுப்பில் எரிய வேண்டும். வேலை செய்யும் பெண்களைக் கேளாமல் படம் எடுத்தல் தகாது. நம் அலுவலகத்துக்குள் ஒருவர் புகுந்து நம்மைப் படமெடுத்தால் நாம் பொறுப்போமா? கடல் அவர்களுக்கு அலுவலகம்.

அடுத்த விடுமுறைக்கு யாத்திரைச் சீட்டு வாங்கும்போது, இன்னும் ஒரு நாள் சேர்த்து வாங்குங்கள். இருபத்திரண்டு தீர்த்தங்களில் முழுகிய பிள்ளைகள், உழைப்புக்காக முழுகும் மக்களையும் ஒருமுறை கண்டு வணங்கட்டும்.