சுவர்ப் பிளவில் வாழும் பகை

பெரும் பகைக்கு விழித்திருக்கும் நாம் சிறு பகைக்கு அயர்ந்துவிடுகிறோம். கொசுவில் மூன்றில் ஒரு பங்கே பருமனுள்ள மணல் ஈ அத்தகைய சிறு பகையாகும். பறக்கையில் ஓசை எழுப்பாது. சாதாரணக் கொசுவலையின் கண்களுள்ளும் நுழைந்துவிடும்.

பீகார் மாநிலத்துச் சிற்றூர்களைத் தலைமுறைகளாக வாட்டிய ‘காலா அசார்’ என்னும் கருங்காய்ச்சலைப் பரப்புவது இதுவே. வாரக்கணக்கில் நீடிக்கும் காய்ச்சல், வீங்கிய மண்ணீரல், குருதிக் குறைவு, உடல் மெலிவு ஆகியன அந்நோயின் அறிகுறிகள். மருத்துவம் செய்யாவிடில் பெரும்பாலும் சாவே முடிவு. இதன் கிருமியை இங்கிலாந்தில் லீஷ்மனும் சென்னையில் மருத்துவப் பணியாற்றிய டோனவனும் தனித்தனியே கண்டு 1903-இல் அறிவித்தனர். இருவர் பெயரையும் இணைத்து ‘லீஷ்மேனியா டோனவானி’ என அதற்குப் பெயரிட்டனர். மணல் ஈயின் கடியால் அக்கிருமி மனிதரைச் சேர்கிறது என்பது 1942-இல் நிறுவப்பட்டது.

கொசுவைப் போல் இந்த ஈ நீரில் முட்டையிடுவதில்லை. சாணமும் மக்கிய குப்பையும் கலந்த ஈர மண்ணே இதன் தொட்டில். அங்கே புழுக்கள் அழுகிய பொருள்களைத் தின்று வளர்கின்றன. வளர்ந்த ஈ பகலெல்லாம் மண்சுவரின் விரிசலிலும் தொழுவத்தின் இருளிலும் பதுங்கி, இரவில் வெளிவருகிறது. ஆணும் பெண்ணும் செடிச்சாற்றை உண்பனவே. முட்டை வளர்வதற்காகப் பெண் ஈ மட்டும் குருதியை நாடுகிறது. மாட்டின் குருதியை அது பெரிதும் விரும்பினும், இந்தியாவில் இந்நோய்க் கிருமியைத் தாங்கி நிற்பவன் மனிதனே. மாட்டைத் தேடி வரும் ஈ, அருகில் தரையில் உறங்குவோரையும் கடிக்கிறது. நோயாளியின் குருதியோடு சென்ற கிருமி ஈயின் வயிற்றில் ஏறத்தாழ ஒரு வாரத்தில் பெருகி, அடுத்த கடியில் வேறொருவரைச் சேர்கிறது.

ஆகவே பிளந்த சுவர், ஈரத் தரை, ஒரே கூரையின்கீழ் மாடும் மனிதரும் என்னும் ஏழ்மையின் சூழலே இந்த ஈக்குப் புகலிடம். முசாகர் போன்ற நிலமற்ற மக்கள் இந்நோயால் மிகுதியும் துன்புற்றது இதனாலன்றோ?

1950-களில் மலேரியாவை ஒழிக்கச் சுவர்களில் டி.டி.டி. தெளித்தபோது, அதே சுவர்களில் தங்கிய மணல் ஈக்களும் மடிந்தன. கருங்காய்ச்சலும் மறைந்தது போலாயிற்று. தெளிப்பு நின்றதும் ஈ மீண்டது. 1977-இல் பீகாரில் நோய் கொள்ளைநோயாகப் பரவியது. பின்னர் டி.டி.டி.யைத் தாங்கி வாழவும் ஈக்கள் பழகியதால், வேறு மருந்து தெளிக்கும் நிலை ஏற்பட்டது.

இன்று ஒரே தவணையில் ஏற்றப்படும் மருந்து உயிர் காக்கிறது. 2023-இல் வங்காளதேசம், இந்நோயைப் பொதுநலச் சிக்கல் என்னும் நிலையினின்று நீக்கிய முதல் நாடாக ஏற்கப்பட்டது. இந்தியாவிலும் நோயாளர் தொகை பெரிதும் குறைந்துள்ளது. எனினும், குணமானோர் சிலருக்குப் பின்னாளில் தோலில் புள்ளிகளும் தடிப்புகளும் தோன்றுகின்றன. அவற்றிலும் கிருமி உண்டு. உடல் நலமாகவே இருப்பதால் அவர்கள் மருத்துவரை நாடுவதில்லை. ஈயோ அவர்களைக் கடித்துக் கிருமியைப் பெறுகிறது.

நோயாளர் தொகை குறைந்தது கண்டு காவலைத் தளர்த்தினால் என்னாகும் என்பதை 1977 காட்டிவிட்டது. தோல் புள்ளியுள்ளவரைத் தேடி மருத்துவம் செய்தலும், தொழுவம் உட்பட எல்லாச் சுவருக்கும் மருந்து தெளித்தலும் தொடர வேண்டும். அவற்றோடு, விரிசலற்ற சுவரும் உலர்ந்த தரையும் உள்ள வீடு ஏழைக்குக் கிடைக்கச் செய்வதையும் நோய்த்தடுப்பாகவே நாம் கருத வேண்டும்.