பிடியில் சிக்கிய விதி

பலகையும் காயும் இல்லாமலே ஆடக்கூடிய விளையாட்டு ஒன்று உண்டு. நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கதைமாந்தரை ஏற்று, தாம் செய்வதை வாயால் சொல்லியே கதையை வளர்ப்பர். ஒருவர் மட்டும் ஆட்ட நடத்துநராக இருந்து, பகைவரையும் சுற்றுப்புறத்தையும் இயக்குவார். முடிவு ஐயமாக உள்ள இடத்தில் பகடை உருளும். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் அமெரிக்காவில் உருவாக்கி 1974-இல் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' இவ்வகை ஆட்டங்களுக்குத் தாய் எனலாம்.

இந்த ஆட்டத்தில் வாள்வீச்சு எவரையும் அவ்வளவாகக் குழப்புவதில்லை. பகைவனை வெறுங்கையால் பிடித்து நிறுத்தும் விதிதான் நெடுங்காலமாக வம்புக்கு இடமாக உள்ளது. 1979-ஆம் ஆண்டின் நடத்துநர் கையேடு அதற்கெனத் தனி அட்டவணைகளை வைத்திருந்தது. 2003-இல் வந்த திருத்தப் பதிப்பில், தொடுவதற்கு ஒரு பகடை, பிடிப்பதற்கு மற்றொரு பகடை, அதற்கும் முன்பாக எதிரி திருப்பி அடிக்க ஒரு வாய்ப்பு எனப் படிகள் நீண்டன. 2014-இல் வெளியான ஐந்தாம் பதிப்பு இவற்றையெல்லாம் சில வரிகளில் அடக்கிவிட்டது. சொற்கள் சுருங்கவே ஐயங்கள் பெருகின.

அவ்விதியின் சாரம் இதுதான். பிடிப்பவருக்கு ஒரு கையாவது வெறுமையாக இருக்க வேண்டும். எதிரி அவரைவிட ஓர் அளவுக்கு மேல் பெரியவனாக இருத்தல் கூடாது. இருவரும் இருபது முகப் பகடையை உருட்டித் தத்தம் திறனைக் கூட்டிக்கொள்வர். பிடிப்பவர் வென்றால் எதிரியின் நடைவேகம் சுழியாகிவிடும். பிடித்தவனை இழுத்தோ தூக்கியோ செல்லலாம். ஆனால் பிடிப்பவரின் வேகம் பாதியாகும்.

இனி ஐயங்களுக்கு வருவோம். பிடிபட்ட மந்திரவாதி மந்திரம் சொல்லலாமா? கூடாது என்றே பலர் உடனே சொல்வர். பிடிபட்டவனால் என்ன செய்ய முடியும் என்பது அவர்கள் வாதம். விதியோ வேகம் சுழியாகும் என்றதோடு நிற்கிறது. கை கட்டப்பட்டது என்றோ வாய் அடைபட்டது என்றோ அது சொல்லவில்லை. மேலும், அதே புத்தகத்தில் 'கட்டுண்ட நிலை' என்று வேறொன்று தனியே கூறப்பட்டு, அதில் உள்ளவன் தாக்கும்போது தடுமாறுவான் என்றும் குறிக்கப்பட்டுள்ளது. இரண்டு நிலைகளுக்கு இரண்டு பெயர்கள் தந்திருக்கும்போது, ஒன்றின் பயனை மற்றதில் ஏற்றிப் படிப்பது முறையன்று. ஆகவே மந்திரம் சொல்லலாம் என்பதே என் தீர்ப்பு. வாய்ச்சொல் ஒன்றாலேயே முப்பது அடி தொலைவுக்கு மறைந்து தாவும் மந்திரமும் அந்தப் புத்தகத்தில் உண்டு. அதைச் சொல்லிவிட்டால் பிடி தானே அறுந்துபோகும்.

சில வேளைகளில் புத்தகமே நம்மைத் தவறான வழியில் செலுத்தும். 2014-இன் முதல் அச்சில், பிடிப்போரில் வல்லவருக்கு உரிய சிறப்புத் திறனின் கீழ், 'உம்மிலும் ஓர் அளவு பெரியவர் உம் பிடியிலிருந்து தாமாகவே தப்பிவிடுவதில்லை' என்னும் கருத்தில் ஒரு வரி இருந்தது. அப்படியானால் அத்திறன் இல்லாதவரிடமிருந்து பெரியவர் தாமாகவே தப்புவர் என்றல்லவா பொருள்படும்? அப்படியொரு விதி புத்தகத்தில் எங்குமே இல்லை. பின்னர் வந்த பிழைதிருத்தம் அவ்வரியை நீக்கிவிட்டது. விலக்கு ஒன்றைக் கண்டவுடன் அதற்குரிய பொதுவிதியை நாமே படைத்துக்கொள்ளலாகாது என்பதற்கு இது நல்ல சான்று.

மூன்றாவது ஐயமே மிகக் கடினமானது. பகைவனைப் பிடித்த வீரன் மலை விளிம்பில் நடக்கிறான். பிடிபட்டவனை வெட்டவெளிப் பக்கமாக ஏந்திக்கொண்டு கைவிடலாமா? பத்து அடி வீழ்ச்சிக்கு ஓர் ஆறுமுகப் பகடை என்பது கணக்கு. நூறு அடிப் பள்ளம் என்றால் பத்துப் பகடைகள். சராசரி முப்பத்தைந்து புள்ளிகள். தொடக்க நிலை மாந்தர் பெரும்பாலோர்க்கு அது மரணமே. 'தூக்கிச் செல்லலாம்' என்ற சொல் இதற்கு இடந்தருகிறது என்பார் ஒரு சாரார். அதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆயினும் எதிரியை ஐந்து அடி தள்ளுவதற்கு அதே புத்தகம் தனி முயற்சியையும் தனிப் பகடையையும் வைத்துள்ளது. பகடை இன்றியே அப்பயன் கிட்டுமாயின் அவ்விதி எதற்கு? எனவே விளிம்பு வரை இழுத்துச் செல்லலாம்; கீழே தள்ள மீண்டும் உருட்ட வேண்டும் என்பதே நான் கொள்ளும் பொருள்.

இதற்கு என் நண்பர்கள் முகம் சுளிப்பதுண்டு. அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த வாரம் உங்கள் மந்திரவாதியை ஓர் அரக்கன் பிடித்து அதே விளிம்பில் நிறுத்தினால், பகடையே உருட்டாமல் அவர் விழுந்து சாவதற்கு ஒப்புவீர்களா? ஒரு மாந்தரை ஆண்டுக்கணக்கில் வளர்த்தவருக்கு அவர் இறப்பு சிறிய இழப்பன்று. பகைவனுக்குச் சொல்லிய தீர்ப்பை நம்மவருக்கும் சொல்ல இயலவில்லையென்றால், அது விருப்பமேயன்றி விளக்கம் ஆகாது.

2024-இன் திருத்தப் பதிப்பு சிலவற்றைத் தெளிவாக்கிவிட்டது. எதிரெதிர்ப் பகடை போய், பிடிப்பவரின் வலிமையைக் கொண்டு குறித்த எண்ணை எதிரி எட்ட வேண்டும் என்றாகியது. பிடிபட்டவன் தன்னைப் பிடித்தவனைத் தவிரப் பிறரைத் தாக்கினால் தடுமாறுவான் என்பதும் சேர்ந்தது. எனினும் விளிம்பில் ஏந்தப்பட்டவன் கதி என்ன என்பது இன்னும் நடத்துநர் கையில்தான் உள்ளது.

எழுதியவர் எல்லா நிலைமைகளையும் முன்கூட்டியே காண இயலாது. ஆகவே சொல்லை முதலில் பார்க்க வேண்டும்; பிறகு அதன் அண்டையில் உள்ள விதிகளைப் பார்க்க வேண்டும்; அதன் பின்னும் ஐயம் நின்றால், இருதரப்புக்கும் பொருந்தும் தீர்ப்பைச் சொல்லி, அதை மறவாமல் குறித்துவைக்க வேண்டும். பகடை விழுந்த பிறகு பொருள் தேடுபவரை எவரும் நம்பார். விழுவதற்கு முன்பே பொருளை உரைத்துவிட்டால், தோற்றவரும் அடுத்த ஆட்டத்துக்கு மகிழ்ந்து வந்து அமர்வர்.