மிஷ்கின் த்ரில்லர்கள்: 'கொலையாளி யார்?' என்பது மட்டும்தான் கேள்வியா?

(ஸ்பாய்லர் அலர்ட்: நான்கு படங்களின் கதைத் திருப்பங்களும் இதில் உண்டு.)

த்ரில்லர் என்றாலே 'யாருப்பா கொலைகாரன்?' என்றுதான் மனசு கணக்குப் போடும். கடைசிப் பத்து நிமிஷத்தில் முகம் தெரியும், கதை முடியும். மிஷ்கின் படங்களில் அந்த முகம் தெரிந்த பிறகுதான் சிக்கலே ஆரம்பிக்கும். 'செஞ்சவன் இவன்தான். சரி, இவனை என்ன பண்றது?'

அஞ்சாதே (2008): நண்பனே குற்றவாளி

போலீஸ் குடியிருப்பில் வளரும் இரண்டு நண்பர்கள். எஸ்.ஐ. ஆக வேண்டும் என்று உழைத்த கிருபாவுக்கு வேலை கிடைக்கவில்லை. உருப்படாதவன் என்று பெயர் வாங்கிய சத்யாவுக்குக் கிடைக்கிறது. ஏமாற்றத்தில் கிருபா கடத்தல் கும்பலோடு சேர்கிறான். எல்லாம் பார்வையாளருக்கு முன்பே தெரியும். நண்பனை சத்யா எப்படி எதிர்கொள்வான் என்பதுதான் பதற்றம்.

யுத்தம் செய் (2011): பாதிக்கப்பட்டவர்களே குற்றவாளிகள்

பொது இடங்களில் அட்டைப்பெட்டிகள். உள்ளே வெட்டப்பட்ட கைகள். நான்கில் வழக்கமான துப்பறியும் கதைக்கு நெருக்கமானது இதுதான். ஆனால் விடை அதிரவைக்கும்: கொலைகளுக்குப் பின்னால் இருப்பது மகளை இழந்த ஒரு டாக்டர் குடும்பம். விசாரிக்கும் ஜே.கே.வின் தங்கையும் காணாமல் போனவள். அவர்கள் வலி அவருக்குத் தெரியும். சட்டத்தின் பக்கம் நிற்பது அவருக்கு எப்படி லேசாக இருக்கும்?

ஓநாயும் ஆட்டுக்குட்டியும் (2013): பிராயச்சித்தம்

பாடல்களே இல்லை. இளையராஜாவின் பின்னணி இசை மட்டும். குண்டடிபட்டுக் கிடந்தவனை மருத்துவ மாணவன் காப்பாற்றுகிறான். அவன் போலீஸ் தேடும் கொலைகாரன் 'ஓநாய்' என்பது பிறகு தெரிகிறது. தவறுதலாகக் கொன்ற ஒருவனின் பார்வையற்ற குடும்பத்தை, உயிரைப் பணயம் வைத்து அவன் காக்கிறான். மன்னிப்பு கேட்டு வசனம் பேசுவதில்லை, செயலில் காட்டுகிறான்.

சைக்கோ (2020): தடுமாறிய இடம்

பெண்களைத் தொடர்ந்து கொல்பவனின் முகத்தை மிஷ்கின் மறைப்பதில்லை. அவன் சிறுவயதில் அனுபவித்த கொடுமையும் சொல்லப்படுகிறது. கடத்தப்பட்ட தாகினி கடைசியில் அவன்மேல் இரக்கப்படுகிறாள். புத்தர் மனம் மாற்றிய அங்குலிமாலனின் கதையே இதற்கு அடித்தளம். ஆனாலும் 'இவனுக்கெல்லாம் இரக்கமா?' என்று பலர் கொதித்தார்கள்.

ஒரே இரக்கம், ஏன் இரண்டு விளைவு?

'ஓநாய்' யாருக்குத் தீங்கு செய்தானோ, அந்தக் குடும்பம் அவன் கூடவே ஓடுகிறது. அவர்கள் இழப்பும் பயமும் திரையில் இருக்கின்றன. அவன் கொடுக்கும் விலையும் அவர்களுக்கானது. 'சைக்கோ'வில் கொல்லப்பட்ட பெண்கள் யார், அவர்கள் வீட்டில் என்ன நடந்தது என்பதற்கு இடமே இல்லை. தப்பித்தவள் இரக்கப்படலாம், அது அவள் உரிமை. இறந்தவர்கள் சார்பில் பேச ஆள் இல்லாததால், பார்ப்பவர் மனசு அதை ஏற்க மறுக்கிறது.

ஆக, கொலையாளியை மனிதனாகக் காட்டுவது பிரச்சினையே இல்லை. கொல்லப்பட்டவர்களையும் அதே அளவுக்கு மனிதர்களாகக் காட்டினார்களா என்பதே விஷயம். 2013-ல் மிஷ்கின் அதைச் செய்தார், 2020-ல் தவறவிட்டார். வார இறுதியில் இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள், வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.