மாதிரிப் படகுகளில் உந்துதண்டு பொருத்தலும் நீர்க்கசிவும்

மாதிரிப் படகினுள் நீர் புகுந்து மின்கலம் நனையுமாயின், தண்டுக்குழலில் இட்ட கிரீசின் மீதே பலரும் குறை காண்பர். கிரீஸ் கசிவைக் குறைக்குமேயன்றி முற்றிலும் தடுக்காது. குழலின் உள்முனை அமையும் உயரமும் தண்டின் நேர்மையுமே கசிவைத் தீர்மானிக்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மோட்டாரையும் உந்துவிசிறியையும் இணைக்கும் எஃகுத் தண்டு, படகின் அடிப்பகுதியை ஊடுருவிச் செல்லும் பித்தளைக் குழலினுள் சுழல்கிறது. குழலின் இரு முனைகளிலும் வெண்கலப் புஷ்கள் அதனைத் தாங்குகின்றன. வெளிமுனை நீரில் மூழ்கியிருப்பதால், புஷ்ஷின் நுண்ணிய இடைவெளி வழியே நீர் குழலுக்குள் ஏறும். ஆயினும், படகு நிலையாக நிற்கையில் வெளிநீர்மட்டத்தைத் தாண்டி ஏறாது. எனவே உள்முனை நீர்க்கோட்டிற்கு மேல் அமையுமாயின், கிரீஸ் இல்லாவிடினும் நீர் உள்ளே வழிவதில்லை.

இவ்வுயரம் எளிதில் வாய்ப்பதன்று. விசிறியின் மையம் நீர்க்கோட்டிற்கு 25 மி.மீ. கீழே உள்ளதெனக் கொள்வோம். தண்டு 5 பாகை சாய்ந்திருப்பின் நீர்க்கோட்டை எட்ட ஏறத்தாழ 286 மி.மீ. கிடைநீளம் வேண்டும், 10 பாகையாயின் 142 மி.மீ. போதும். சிறு படகில் முன்னதற்கு இடமிராது. சாய்வை மிகுத்தாலோ, உந்துவிசையின் ஒரு கூறு மேல்நோக்கிச் செயற்பட்டுப் படகின் பின்புறத்தைத் தூக்கும். 10 பாகையில் முன்னோக்கிய விசையின் இழப்பு 1.5 விழுக்காடே, மேல்நோக்கிய கூறோ 17 விழுக்காடு. மெதுவாகச் செல்லும் இழுவைப் படகில் இது பொருட்டன்று. விரைவுப் படகில் முகப்பைத் தாழ்த்தக்கூடும்.

நெகிழ் இணைப்பி இருந்தால் தண்டின் கோணல் சரியாகிவிடும் என்னும் எண்ணமும் பிழையே. கோணல் நீடிப்பின் தண்டு அதிர்ந்து புஷ்ஷின் துளையை ஒருபுறமாகத் தேய்க்கும். கசிவு அங்கிருந்தே பெருகும். ஆகவே குழலை முதலில் எப்பாக்சியால் நிலைநிறுத்தி, பின்னரே மோட்டாரை அதற்கேற்ப அமைத்தல் வேண்டும். இரு தண்டுகளும் இறுக்கமாகப் பொருந்தும் நேரான உலோக உருளையால் அவற்றைத் தற்காலிகமாக இணைத்து, அந்நிலையிலேயே மோட்டாரின் தாங்கியை ஒட்டிவிட்டால் நேர்மை தானாகவே அமையும். அதன்பின் உருளையை நீக்கி நெகிழ் இணைப்பியைப் பொருத்தலாம்.

நேர்மையைச் சோதிக்க அம்மீட்டர் ஒன்றே போதும். மோட்டார் தனித்துச் சுழலும்போதும், விசிறியின்றித் தண்டுடன் சுழலும்போதும் மின்னோட்டத்தை அளந்து ஒப்பிடுதல் வேண்டும். வேறுபாடு மிகுதியாயின் தண்டு எங்கோ உராய்கிறது. சில வேளைகளில் காரணம் கோணலன்று. விசிறிக்கு முன்னுள்ள பூட்டுமரை புஷ்ஷோடு மிக இறுகியிருப்பதே. அம்மரையைச் சற்றுத் தளர்த்தி, தண்டு முன்பின் நகர மயிரிழை இடைவெளி விட்டு மீண்டும் அளந்தால் வேறுபாடு குறையும்.