ஒரு பேரிக்காய், இரண்டு மரம்

ஷிஃப்ட் முடிந்து தண்டலத்தில் பஸ் ஏறும்முன் கொடைக்கானல் பேரிக்காய் வாங்கியதுண்டா? அது பெரும்பாலும் இரண்டு மரம் சேர்ந்து காய்த்த காய். கீழே காட்டுப் பேரியின் வேர்; மேலே ஒட்டுக் கட்டிய நல்ல ரகம். விதை போட்டால் தாய்மரத்தின் குணம் அப்படியே வராதே!

மலையில் பேர்பெற்ற கீஃபர் ரகம், 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா அருகே, சீன மணற்பேரி விதையிலிருந்து தற்செயலாகக் கிடைத்த கலப்பு. மற்றொரு பெற்றோர் அநேகமாக பார்ட்லெட் என்ற பேரி ரகம். கடித்தால் நறநறக்கும் சதையும், கிளையைக் கருக்கும் தீக்கருகல் நோயை ஓரளவு தாங்கும் திறனும் சீனவழிச் சீதனம். இலையுதிர்த்து மரம் உறங்கும் குளிர்மாதங்களில்தான் ஒட்டுக் கட்டுவார்கள்.

சமவெளியான தண்டலத்தில் நடலாமா? நிழலுக்கு வேண்டுமானால் நடலாம். அந்த மலைக்குளிர் இல்லாமல் காய்ப்பது சந்தேகமே.